465 சிசி ஆக்கிய ஹிமாலயனில் மலையேற்றத்தில் நாக்கிங்: உதவி தேவை

என்னிடம் இருப்பது 2018ஆம் ஆண்டின் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக், பிஎஸ்4 (புகை உமிழ்வு விதி) வண்டி. பெட்டிகளும் பின்னிருக்கையில் ஒருவரும் இருக்கும்போது ஏற்றத்தில் இழுவை போதாததால், இரண்டு மாதங்களுக்கு முன் 78 மி.மீ. போரை (சிலிண்டரின் உள்விட்டத்தை) 83 மி.மீ. ஆக்கி, பிஸ்டனையும் மாற்றினேன். எரிஅறையைத் தொடவில்லை; ஆகவே அமுக்க விகிதம் (கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 9.5இலிருந்து 10.5ஐ ஒட்டி உயர்ந்திருக்கும் என்பது என் கணக்கு.

சமவெளியில் வண்டி அருமையாக ஓடுகிறது. ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது, பத்தாவது கொண்டை ஊசி வளைவைத் தாண்டி எஞ்சின் நன்கு சூடானதும், மூன்றாம் கியரில் 3,500 ஆர்பிஎம் அருகே திராட்டிலை முறுக்கினால் கோலிக்குண்டுகள் குலுங்குவதுபோல் நாக்கிங் சத்தம் (சிலிண்டருக்குள் கலவை தானாகவே வெடிப்பதால் வருவது) கேட்கிறது. ஸ்பார்க் பிளக்கும் வெளுத்திருக்கிறது; அது அதிகச் சூட்டின் அடையாளம்.

இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தேன். ஒரு படி குளிர்ந்த வகை பிளக் போட்டேன். கூடுதல் எரிபொருள் கன்ட்ரோலர் பொருத்திக் கலவையைச் செறிவாக்கினேன். உயர் ஆக்டேன் பெட்ரோல் ஊற்றினால் மட்டும் சத்தம் பெரிதும் குறைகிறது, ஆனால் அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) இன்னும் பழைய இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மேப்பிலேயே இருக்கிறது, அந்தக் கன்ட்ரோலரால் அதை மாற்ற முடியாது.

சாதாரண பெட்ரோலிலேயே நீண்ட பயணம் போக, சிலிண்டருக்கு அடியில் தடித்த பேஸ் கேஸ்கெட் போட்டு அமுக்கத்தைக் குறைப்பதா, இசியூவை ரீமேப் செய்து டைமிங்கைப் பின்தள்ளுவதா, எதை முதலில் செய்ய வேண்டும்?