வீட்டுக் குழு: கணவாய்ப் பாறைக்கு நிறம்

நான்: [படம்] சித்தப்பா, என் மாடல் ரயில் பாதைக்கு ஆண்டிபட்டி கணவாய்ப் பாறை செய்து முடித்துவிட்டேன். ஆனால் சேறு அப்பிய மாதிரி இருக்கிறது.

சித்தப்பா: அச்சு நன்றாக வந்திருக்கிறதே. எதில் வார்த்தாய்?

நான்: பரோட்டா பார்சல் ஃபாயிலைக் கசக்கி, அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றினேன். காய்ந்ததும் அக்ரிலிக் பிரவுனை டியூபிலிருந்து அப்படியே அடித்தேன்.

சித்தப்பா: அதுதான் விஷயம். கெட்டியாக அடித்தால் வெடிப்பெல்லாம் அடைபட்டுவிடும். பிளாஸ்டர் தண்ணீர் குடிக்கும், குடிக்க விடு. 1 பங்கு பெயின்ட்டுக்கு 20 பங்கு தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு. சோப்பு சேர்ந்தால்தான் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் இடுக்குக்குள் ஓடும்.

அத்தை: வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற கதைதான். நேராக ஊற்றினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். வாளித் தண்ணீரில் கலந்து முக்க வேண்டும்.

சித்தப்பா: அதேதான் அக்கா. ஆனால் பாறைக்குக் கொஞ்சம் திட்டும் வேண்டும். யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) இரண்டையும் தனித்தனியாகக் கரைத்து, சிறுத்தைப் புள்ளி போல அங்கங்கே ஒற்று. நடுவில் வெள்ளை விட்டு வை. அப்புறம் கருப்புத் தண்ணீரை உச்சியிலிருந்து வழிய விடு. மூன்றும் தானே கலந்துகொள்ளும்.

நான்: இந்தத் துண்டைக் காப்பாற்ற முடியாதா?

சித்தப்பா: மேலே பெயின்ட் படலம் மூடிவிட்டது, இனி குடிக்காது. புதிதாக வார்த்துவிடு.

மறுநாள், மாலை 6:10

நான்: [படம்] ரொம்பக் கருத்துவிட்டது சித்தப்பா!

சித்தப்பா: ஈரத்தில் அப்படித்தான். கை வைக்காதே. காய்ந்தால் வெளுக்கும்.

இரவு 9:40

நான்: [படம்] வெளுத்துவிட்டது! இடுக்கில் மட்டும் கருப்பு நிற்கிறது.

தாத்தா: இப்போதுதான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன் ராசா. தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாக எத்தனை வருடம் நடந்த இடம்! மழை பெய்தால் உச்சியிலிருந்து தண்ணீர் வழிந்த தடம் கருப்புக் கோடாக நிற்கும். யானைமலையில் பார்த்திருப்பாய். உன் பாறையில் அது இல்லை. அடியில் ஒரு முழ உயரத்துக்குச் செம்மண் தெறித்திருக்கும். தண்டவாளத்தை ஒட்டிய ஜல்லியும் வெளுப்பாக இருக்காது, துருவும் பிரேக் தூளும் படிந்து பழுப்பாகிவிடும்.

நான்: ஒரு முழம் என்றால் 1:87 அளவில் 5 மில்லிமீட்டர். ஜல்லிக்கும் பர்ன்ட் அம்பர் தண்ணீரே போதுமா சித்தப்பா?

சித்தப்பா: போதும். இன்னும் நீர்க்கக் கரைத்துக்கொள். தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு விடு, அதற்கு மேல் வேண்டாம்.

தாத்தா: 2010 கடைசியோடு மீட்டர் கேஜ் வண்டி நின்றுபோனது. அகலப் பாதைக்காகப் பாறையை வெட்டியதற்கு அப்புறம் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. பழைய பாறை எப்படி இருந்தது என்பது எனக்கு அத்துப்படி. பெயின்ட்டும் தூரிகையும் எடுத்துக்கொண்டு வா, தண்ணீர் எங்கே வழியும் என்று காட்டுகிறேன்.

நான்: ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் தாத்தா. அதுவரை கருப்புக் கோடு போடாமல் வைத்திருக்கிறேன்.

அத்தை: மதியச் சாப்பாட்டுக்கே வந்துவிடு. மாடியில் பழைய செய்தித்தாள் விரித்து வைக்கிறேன்.