ஹெம்ப் என்பதற்குச் ‘சணல்’ சரிதானா? வலிக்கான கஞ்சாப் பொருட்கள் பற்றிய கலைச்சொற்கள்

ரொறன்ரோவிலிருந்து, தொடக்க மடல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

நாட்பட்ட வலியோடு இருக்கிற முதியவர்களுக்காக ஒரு சிறு கையேட்டைத் தமிழில் ஆக்கிக்கொண்டிருக்கிறேன். உடற்பயிற்சி, தூக்கம், வலி மாத்திரைகள் பற்றிய பக்கங்கள் சிக்கலில்லாமல் வந்துவிட்டன. கஞ்சா பற்றிய பக்கத்தில் நின்றுபோனேன்.

கனடாவில் 2001 முதல் மருத்துவத் தேவைக்கும், 2018 ஒக்டோபர் 17 முதல் பொதுவாக வயதுவந்தோர் எல்லோருக்கும் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது. முழங்கால் தேய்வு, நீரிழிவால் வரும் கால் எரிவு, இடுப்பு உளைவு என்று அவதிப்படும் எங்கள் ஆட்களில் சிலர் மருத்துவரிடம் வாய் திறக்காமலே ஏதோ ஓர் எண்ணெயை நாக்கின் கீழ் விட்டுக்கொள்கிறார்கள். என்ன எண்ணெய் அம்மா என்று கேட்டால், “சணல் எண்ணெய், மகன் வாங்கித் தந்தவன்” என்பார்கள். இணையத்தில் கண்ட மொழிபெயர்ப்புகளிலும் ஹெம்ப் (நாருக்கும் விதைக்கும் வளர்க்கிற, போதைச்சத்து மிகக் குறைந்த கஞ்சா வகை) என்பதற்குச் ‘சணல்’ என்றுதான் இருக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது.

எனக்குத் தேவையானவை: மெடிக்கல் கனபிஸ், ஹெம்ப், ஹெம்ப் விதை எண்ணெய், சி.பி.டி. (கஞ்சாவில் உள்ள, போதை தராத ஒரு வேதிப்பொருள்) எண்ணெய், கன்னபினாய்டு (சி.பி.டி. போன்ற வேதிப்பொருட்களின் பொதுப்பெயர்), இவற்றோடு மருத்துவர்கள் சொல்லும் ‘ஸ்டார்ட் லோ, கோ ஸ்லோ’ என்ற அறிவுரை. எழுபது வயதுக்காரர் ஒருவர் உதவியில்லாமல் வாசித்துப் புரிந்துகொள்ள வேண்டும். அதுதான் ஒரே நிபந்தனை.

கோவையிலிருந்து, மருந்தாளுநர் ஒருவரின் பதில்

அம்மா, சணல் வேண்டவே வேண்டாம்.

இங்கே சணல் என்றால் சாக்குப் பை, கயிறு. அது வேறு செடி. அதற்குப் பக்கத்திலேயே சணப்பு, சணப்பை என்று இன்னொன்று இருக்கிறது. வயலில் விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுகிற பசுந்தாள் உரப் பயிர். ஆங்கிலத்தில் அதன் பெயரே ‘சன் ஹெம்ப்’. அதன் விதை உரக்கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கும். அந்த விதையில் ஈரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் உண்டு. ‘சணல் விதை மூட்டுவலிக்கு நல்லது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போனால் போதும், ஊரில் யாராவது அதை வறுத்துப் பொடித்துச் சாப்பிட்டுவிடுவார்கள். நான் மிகைப்படுத்தவில்லை, எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. நார் தருகிற எதைக் கண்டாலும் ஹெம்ப் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நம் புளிச்சை நார்ச்செடி டெக்கான் ஹெம்ப், வாழை இனத்தைச் சேர்ந்த அபாக்கா மணிலா ஹெம்ப். அவர்கள் பட்ட பாட்டை நாமும் படவேண்டுமா?

இந்தியச் சட்ட நிலையையும் சொல்லிவிடுகிறேன், சொல்லாக்கத்துக்கு உதவும். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் பிசின் ‘சரஸ்’, பூக்கும் காய்க்கும் நுனிகள் ‘கஞ்சா’. நுனியோடு சேராத இலையும் விதையும் இந்த வரையறைக்கு வெளியே. அந்த இடைவெளியில்தான் இலைச்சாறு கலந்த ஆயுர்வேதப் பொருட்கள் ‘விஜயா’ என்ற பெயரில் வலிக்கு விற்கப்படுகின்றன. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக ஏற்றுக்கொண்டது. விதையில் போதை தரும் பொருளான டி.எச்.சி. கிலோவுக்கு 5 மில்லிகிராம், எண்ணெயில் 10 மில்லிகிராம் தாண்டக் கூடாது. கடையில் எல்லாரும் ‘ஹெம்ப் சீட்ஸ்’ என்றுதான் கேட்கிறார்கள். பஸ், ரயில் போல ஹெம்ப் என்றே எழுதிவிட்டால் என்ன?

பாளையங்கோட்டையிலிருந்து, சித்த மருத்துவர் ஒருவரின் பதில்

வணக்கம். நம்மிடம் சொல் இல்லாததுபோலப் பேசுவது வருத்தமாக இருக்கிறது. கோரக்கர் மூலி, சிவமூலி, பங்கி என்று சித்த மருத்துவத்தில் எத்தனை பெயர்கள்! ‘கஞ்சா’ என்று கையேட்டில் பெரிய எழுத்தில் போட்டால் வாசிப்பவருக்குக் காவல் நிலையம்தான் ஞாபகம் வரும். என்னிடம் வரும் முதியவர்கள் அந்தச் சொல்லைக் கேட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். வெட்கப்பட்டுப் பக்கத்தை மூடிவைத்துவிட்டால், நீங்கள் உள்ளே எழுதியிருக்கிற எச்சரிக்கைகளை யார் படிப்பது? ‘மூலி மருந்து’ என்று தொடங்குங்கள். விளக்கத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ரொறன்ரோவிலிருந்து

இரண்டு பேருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா சொன்ன வெட்கம் மெய்யானது. வீட்டில் கூட ‘அந்த எண்ணெய்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் பெயரை மறைப்பதால் வரும் கேடு வெட்கத்தைவிடப் பெரியது என்றே நினைக்கிறேன்.

சணல் எண்ணெய் என்றோ மூலித் தைலம் என்றோ நம்பி வைத்திருப்பவர், சென்னைக்கோ கொழும்புக்கோ போகும்போது வேட்டி சேலைக்கு நடுவே அந்தப் போத்தலையும் பெட்டியில் வைப்பார். கனடாவுக்குள் கஞ்சாப் பொருளைக் கொண்டுவருவதும் குற்றம், வெளியே கொண்டுபோவதும் குற்றம். மருத்துவர் எழுதித் தந்த தாள் இருந்தாலும், உள்ளே சி.பி.டி. மட்டுமே இருந்தாலும் அப்படித்தான். இறங்குகிற ஊரின் சட்டம் அதைவிடக் கடுமை. ‘கஞ்சா’ என்ற சொல் லேபிளில் இருந்தால் எந்த ஆச்சியும் அதைப் பெட்டியில் வைக்கமாட்டா.

இன்னொன்று, குருதி உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள். சி.பி.டி. சேர்ந்தால் வார்ஃபரினின் வேகம் கூடி இரத்தக்கசிவு வரக்கூடும். “வேறு என்ன எடுக்கிறீர்கள்?” என்று மருத்துவர் கேட்கும்போது, மூலி என்று மனதில் பதிந்ததை யாரும் மருந்துக் கணக்கில் சேர்த்துச் சொல்வதில்லை. மருந்தாளுநர் ஐயா குறிப்பிட்ட ‘விஜயா’விலும் இதே சிக்கல்தான். வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது கஞ்சா இலை என்று தெரியும்?

ஹெம்ப் என்றே எழுதலாமா? இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சரி. அம்மம்மாவுக்கு அது ஒலி மட்டும்தான், அதில் எச்சரிக்கை எதுவும் இல்லை.

ஹெம்ப்பும் கஞ்சாவும் ஒரே தாவர இனம். நடுவில் இருக்கிற கோடு இயற்கை போட்டதல்ல. கனடியத் தாவரவியலாளர் எர்னஸ்ட் சுமால், ஆர்தர் குரோன்குவிஸ்டோடு சேர்ந்து 1976இல் வகைப்பாட்டு வசதிக்காக 0.3 சதவீத டி.எச்.சி. என்று ஓர் எல்லை வைத்தார். எங்கோ ஓரிடத்தில் கோடு போட்டாக வேண்டும் என்றுதான் போட்டார்கள். அதுவே பின்னால் கனடாவிலும், 2018 பண்ணைச் சட்டத்தின் வழியாக அமெரிக்காவிலும் சட்டமாகிவிட்டது. உத்தரகாண்டில் உரிமம் பெற்றுப் பயிரிடுகிறவர்களுக்கும் அதே 0.3தான். ஆகவே தமிழில் ஹெம்ப்புக்கு முற்றிலும் வேறு பெயர் வைத்தால் வேறு செடி என்ற எண்ணம் வந்துவிடும். அடிச்சொல் கஞ்சாவாகவே இருக்கட்டும், முன்னே ஓர் அடைமொழி சேர்ப்போம்.

‘தொழிற்கஞ்சா’ என்று யோசித்தேன். கஞ்சா விற்கும் தொழில் போல ஒலிக்கிறது. ‘போதையில்லாக் கஞ்சா’ விளம்பர வாசகம், போதாததற்கு முழு உண்மையும் இல்லை. என் முன்மொழிவு ‘நார்க்கஞ்சா’. நாருக்காக வளர்த்த வகை என்று கேட்டவுடன் புரியும். விதையிலிருந்து பிழிவது ‘நார்க்கஞ்சா விதை எண்ணெய்’. இது நீளம்தான், ஆனால் இந்த இடத்தில் நீளம் தேவை. விதை எண்ணெயில் சி.பி.டி. அநேகமாக இல்லை. நல்லெண்ணெய் போலச் சமையலுக்கு உதவும் ஓர் எண்ணெய், அவ்வளவே. வலி போகும் என்று எண்ணி ஆட்கள் கூடிய விலை கொடுத்து அதை வாங்குகிறார்கள். பூவிலிருந்தும் இலையிலிருந்தும் பிரித்தெடுப்பதைச் ‘சி.பி.டி. எண்ணெய்’ என்று தனியாக வைப்போம்.

அடுத்து, மெடிக்கல் கனபிஸ். முதலில் ‘மருந்துக் கஞ்சா’ என்று எழுதியிருந்தேன், கனடிய நடைமுறையைப் பார்த்தபின் விட்டுவிட்டேன். இங்கே கஞ்சாப் பூவுக்கோ எண்ணெய்க்கோ அரசு மருந்தென்று ஒப்புதல் கொடுக்கவில்லை. மருத்துவர் தருவதும் மருந்துச்சீட்டு அல்ல, அதை ‘மருத்துவ ஆவணம்’ என்கிறார்கள். ஒப்புதல் பெற்ற மருந்துகள் வேறு. வாய்க்குள் தெளிக்கும் சாட்டிவெக்ஸ் 2005இல் பன்முகத் தண்டுவட மரப்பு (எம்.எஸ்.) நோயாளிகளின் நரம்பு வலிக்கு இங்கே ஒப்புதல் பெற்றது. எனவே செடிப்பொருளை மருத்துவரின் ஆவணத்தோடு பயன்படுத்துவது ‘மருத்துவக் கஞ்சா’. சாட்டிவெக்ஸ் போன்றவை ‘கஞ்சாவழி மருந்துகள்’. ஊடகங்களில் ‘மருத்துவ கஞ்சா’ என்று ஒற்று இல்லாமல் வருகிறது. நாம் ‘க்’ போட்டே எழுதுவோம்.

கடைசியாக, ‘வலி நிவாரணி’ என்ற சொல்லை இந்தப் பக்கத்தில் எங்கும் வைக்கவேண்டாம் என்பது என் கருத்து. சான்றுகள் அத்தனை உறுதியாக இல்லை. 2017இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை, வயதுவந்தோரின் நாட்பட்ட வலிக்குப் பயன் இருப்பதாகக் கணிசமான சான்று உண்டு என்றது. 2019இல் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் நிறுவனம், நாட்பட்ட வலிக்கு டி.எச்.சி. மருந்துகளைக் கொடுக்கவேண்டாம், சி.பி.டி.யை ஆய்வுக்குள் மட்டும் கொடுக்கலாம் என்றது. 2021இல் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம், பொதுவான பயன்பாட்டை ஆதரிக்க இயலாது என்று அறிவித்தது. அதே ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த பரிந்துரை, வழக்கமான சிகிச்சை போதாதவர்கள் புகைக்காத வடிவத்தில் முயன்று பார்க்கலாம் என்றது, அதுவும் வலுக்குறைந்த பரிந்துரை என்ற குறிப்போடு. அதற்கு அடிப்படையான 32 ஆய்வுகளின் தொகுப்பில், மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களைவிட 100க்குச் சுமார் 10 பேருக்கு மட்டுமே கூடுதலாக, உணரத்தக்க அளவு வலி குறைந்ததாகத் தெரியவந்தது. நிவாரணம் என்றால் நம் காதில் முழுசாய்ப் போய்விட்டது என்று விழுகிறது. ‘வலித்தணிப்பு’ என்று எழுதி, ‘சிலருக்குத் தணியலாம்’ என்று வாக்கியத்தில் வைக்கிறேன்.

கோவையிலிருந்து

நார்க்கஞ்சாவுக்கு என் ஓட்டு. அந்தப் பெட்டிக் கதை என்னைச் சாய்த்துவிட்டது. என் ‘ஹெம்ப்’பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

‘கஞ்சாவழி மருந்து’ மட்டும் முழுதாகச் சரிவரவில்லை. நபிலோன் என்ற மருந்து செடியிலிருந்து எடுப்பதல்ல, ஆய்வகத்தில் செய்வது. ஆனால் அதே குடும்ப வேலையைச் செய்கிறது. இரண்டையும் அடக்க ‘கன்னபினாய்டு மருந்துகள்’ என்று போடுங்கள். கன்னபினாய்டை மொழிபெயர்க்க முயலாதீர்கள், லேபிளில் அந்தச் சொல்தான் இருக்கும். ஏற்பி (உடல் அணுவில் இந்தப் பொருட்கள் வந்து ஒட்டும் இடம்) என்பது பாடநூலிலேயே வந்துவிட்டது, சி.பி.1 ஏற்பி, சி.பி.2 ஏற்பி என்று எழுதலாம். நம் உடலே சுரக்கிற கன்னபினாய்டுகளை ‘அகக்கன்னபினாய்டு’ எனலாம். அவற்றில் முதலாவதை 1992இல் இஸ்ரேலிய வேதியியலாளர் மெக்கூலம் குழுவினர் கண்டபோது ‘ஆனந்த’ என்ற வடசொல்லை எடுத்து அனந்தமைட் என்று பெயர் வைத்தார்கள். நாம் ‘ஆனந்தமைடு’ என்று நெடிலோடு எழுதிக்கொண்டால் சொல் வீடு திரும்பிவிடும். முதியவர் கையேட்டுக்கு இது வேண்டியதில்லை, நம் பட்டியலில் இருக்கட்டும்.

அப்புறம் ‘டி’யா ‘ரி’யா? உங்கள் பக்கத்தில் ரி.எச்.சி., சி.பி.ரி. என்று எழுதுவார்களே.

பாளையங்கோட்டையிலிருந்து

சரி, மூலியை நான் வற்புறுத்தவில்லை. அடைப்புக்குறிக்குள் ஒருமுறை ‘சித்த மருத்துவத்தில் கோரக்கர் மூலி’ என்று வந்தால் போதும்.

‘ஸ்டார்ட் லோ, கோ ஸ்லோ’வுக்கு ‘குறைவாகத் தொடங்கி மெதுவாகக் கூட்டுங்கள்’ என்று யாரும் எழுதிவிடுவார்கள். அதில் காத்திருத்தல் விட்டுப்போகிறது. வாயால் சாப்பிட்டது வேலை செய்யத் தொடங்க அரை மணி முதல் இரண்டு மணி நேரம் ஆகும், முழு வேகம் தெரிய நான்கு மணி வரை ஆகலாம். பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று இன்னும் நாலு சொட்டு விட்டுக்கொள்கிறவர்தான் இரவில் எழுந்து தலைசுற்றி விழுகிறார். ‘பொறுத்து’ என்ற சொல் உள்ளே வரட்டும்: ‘கொஞ்சமாகத் தொடங்குங்கள், பொறுத்துப் பாருங்கள், பிறகே கூட்டுங்கள்.’ நாங்கள் எந்தக் கடுமருந்துக்கும் இப்படித்தான் சொல்வோம்.

ரொறன்ரோவிலிருந்து

‘பொறுத்துப் பாருங்கள்’ அப்படியே எடுத்துக்கொள்கிறேன், ஐயா. கோரக்கர் மூலியும் ஒருமுறை வரும். கன்னபினாய்டு மருந்துகள், ஏற்றுக்கொண்டேன். ‘டி’ பற்றி: போத்தலில் ஆங்கில எழுத்துகள் இருப்பதால் அவற்றைப் படமாகவே போட்டு, பக்கத்தில் டி.எச்.சி., சி.பி.டி. என்று எழுதப்போகிறேன். யாழ்ப்பாணத்தவர் ‘ரி’ என்று வாசித்தால் வாசிக்கட்டும். டி.எச்.சி. ஒரு கிராமுக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் இங்கே லேபிளில் இலை போட்ட சிவப்புச் சின்னம் கட்டாயம். அதையும் படமாகச் சேர்க்கிறேன்.

அச்சுக்குப் போகிற பகுதி இது. ‘வலி’யோடு எங்கள் ஈழத்து ‘நோ’வையும் சேர்த்திருக்கிறேன், இரண்டு கரைக்காரரும் வாசிப்பதால்:

“வலி அல்லது நோ மூன்று மாதத்துக்கு மேல் நீடித்து, மற்றச் சிகிச்சைகள் போதவில்லை என்றால், மருத்துவக் கஞ்சா (சித்த மருத்துவத்தில் கோரக்கர் மூலி) பற்றி உங்கள் மருத்துவரிடம் கேட்கலாம். சிலருக்கு வலி ஓரளவு தணியலாம். பலருக்கு வித்தியாசம் தெரியாது. நார்க்கஞ்சா விதை எண்ணெய் ஓர் உணவு, வலிக்கு மருந்தல்ல. சி.பி.டி. எண்ணெயும் கஞ்சாப் பொருளே. நீங்கள் எடுக்கும் எல்லா மாத்திரைகளையும், முக்கியமாக இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகளை, மருத்துவரிடம் காட்டுங்கள். கொஞ்சமாகத் தொடங்குங்கள், பொறுத்துப் பாருங்கள், பிறகே கூட்டுங்கள். எடுத்தபின் வாகனம் ஓட்டாதீர்கள். வெளிநாடு போகும்போது எந்தக் கஞ்சாப் பொருளையும் கொண்டுபோகாதீர்கள்.”

‘பலருக்கு வித்தியாசம் தெரியாது’ என்ற வரியை என்னோடு வேலை செய்கிற மருத்துவர் மென்மையாக்கச் சொல்கிறார். நான் விடுவதாக இல்லை. மற்றபடி எழுத்துப்பிழை கண்டால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.