படகில் உங்கள் செயலி கைவிட்ட கதை உண்டா?

பாம்பன்காற்று:
இலங்கைக் கடல் எல்லைக்கோட்டை நெருங்கினால் கத்த வேண்டும். என் செயலிக்கு வேலை அவ்வளவுதான். தங்கச்சிமடத்தில் மச்சானின் விசைப்படகுக்காக எழுதினேன். ஜிபிஎஸ் கருவி டிரைவர் முன்னால் இருக்கிறது. வலை இழுப்பவர்களிடமும் ஒன்று இருக்கட்டுமே என்று நினைத்தேன். சோதிப்பதற்காகப் பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் ஒரு பொய்க்கோடு வரைந்துவைத்து, போனைக் கையில் ஏந்தியபடி நாலு முறை நடந்தேன். நாலு முறையும் கத்தியது.

தடைக்காலம் முடிந்து முதல் பாடு. காலையில் போனவர்கள் மறுநாள் விடிந்ததும் திரும்பினார்கள். மச்சான் ஒன்றும் சொல்லாமல் போனை ஐஸ் பெட்டியின் மேல் வைத்தார். தட்டிப் பார்த்தேன். நீலப் புள்ளி துறைமுகத்துக்கு எதிரிலேயே நின்றிருந்தது, காலை 7.12 மணிக்கு. அவர் திரையை அணைத்துப் பையில் போட்ட நேரம் அது. இரவு முழுவதும் கடலில் கிடந்த போன், தான் இன்னும் கரையோரம்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. "எங்களுக்கு முன்னாலேயே அது தூங்கிவிட்டது மாப்பிள்ளை" என்று சிரித்தார். நல்லவேளை, டிரைவர் தன் கருவியைப் பார்த்துத் திருப்பியிருக்கிறார்.

காரணம் எனக்குத் தெரியாததல்ல. 2017இல் ஆண்ட்ராய்டு 8 வந்ததிலிருந்து, திரையில் இல்லாத செயலியின் பின்னணிச் சேவையைச் சில நிமிடங்களில் நிறுத்திவிடுவார்கள். நிரந்தர அறிவிப்பு ஒன்றைக் காட்டிக்கொண்டு முன்புலச் சேவையாக ஓட வேண்டும். படித்திருக்கிறேன். ஆனால் பாலத்தில் நடந்த நாலு முறையும் திரையை எரியவிட்டே நடந்தேன். அதுதான் உறுத்துகிறது.

தொண்டி வலை:
முன்புலச் சேவை போட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். நான் போட்டேன். "காவல் ஓடுகிறது" என்று அறிவிப்பு மேலே நின்றது. எங்கள் சித்தப்பாவுக்கு எது வீணாக ஓடினாலும் பிடிக்காது. என்ஜின் சும்மா ஓடினாலும் டீசல் போகிறதே என்று கத்துவார். ஆண்ட்ராய்டு 13இல் ஓடும் செயலிகளின் பட்டியலைக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நிறுத்தும் பொத்தானையும் வைத்திருக்கிறார்களே, அதைக் கண்டுபிடித்துவிட்டார். கரைக்கு வந்ததும் பெருமையாகச் சொன்னார்: "பேட்டரியைத் தின்றுகொண்டிருந்தது, நிறுத்திவிட்டேன்." நான் எழுதிய செயலி என்று அவருக்குத் தெரியும்!

நுங்கு:
ஐபோனுக்கு மாறிவிடலாமே.

தொண்டி வலை:
எந்தப் படகில் ஐபோன் பார்த்தீர்கள்?

பாசிக்காரி:
என் கதையில் கடல் முழங்கால் அளவுதான். மண்டபம் பக்கம் மிதவைகளில் பாசி வளர்க்கும் எங்கள் குழுவுக்கு எடைக் கணக்கு எழுதும் செயலி செய்தேன். பெரியம்மா எடையைச் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். 23 மிதவை முடிந்தது. வெயிலில் திரை தெரியவில்லை என்று போனைப் பக்கவாட்டில் திருப்பினேன். 23ம் காணோம். வெள்ளைப் பக்கம்.

போனைத் திருப்பினால் ஆண்ட்ராய்டு அந்தத் திரையை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்கும். நானோ எண்களையெல்லாம் திரையோடு சேர்ந்து அழியும் தற்காலிக மாறிகளிலேயே வைத்திருந்தேன். இதைப் பெரியம்மாவுக்கு எப்படி விளக்குவது? ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கேட்டார்: "திருப்பிப் பிடித்தால் எழுதினது அழிகிற நோட்டு எந்தக் கடையில் விற்கிறது?" காய வைத்த பாசியை மறுபடி அள்ளி, மறுபடி எடை போட்டோம்.

அன்றிரவு திரையைச் சுழலாமல் பூட்டினேன். அது சோம்பேறித் தீர்வு. அடுத்த வாரம் பெரியம்மா மகன் வீடியோ அழைப்பில் வந்து, நினைவகம் போதாமல் செயலி மூடப்பட்டு, திரும்பவும் அதே கூத்து. இப்போது ஒவ்வொரு எடையும் சொன்ன அந்த நொடியே எஸ்கியூலைட்டில் விழுகிறது. அது ஆண்ட்ராய்டுக்குள்ளேயே இருக்கிற தரவுத்தளம்தான். முதலிலேயே செய்திருக்கலாம்.

கீழக்கரை பழையவன்:
எனக்கு நடந்தது சின்னது. கருவாட்டு வியாபாரிகளுக்குக் கணக்குச் செயலி கொடுத்திருந்தேன். மடிக்கணினி பழுதாகி, பழுது பார்த்தவர் வட்டை அழித்துத் தந்தார். செயலி என்னுடையதுதான் என்று காட்டும் கையொப்பச் சாவிக் கோப்பு அதோடு போயிற்று. அதே சாவியால் கையொப்பமிடாத புதுப்பிப்பை ஆண்ட்ராய்டு ஏற்காது. பழையதை நீக்கினால்தான் புதியது ஏறும். நீக்கினால் கணக்கும் போகும். ஒரு வியாபாரி மூன்று வருடக் கணக்கைப் பார்த்துப் பார்த்துப் பேரேட்டில் எழுதியபோது பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுதினேன்.

ஆண்ட்ராய்டைத் திட்டாதீர்கள். ஒவ்வொரு செயலிக்கும் லினக்ஸில் தனிப் பயனர் எண், தனிக் கோப்புறை. ஒருவர் அறையில் மற்றவர் நுழைய முடியாது. அந்தச் சுவர் இருப்பதால்தான் வங்கிச் செயலியை நம்புகிறோம். பாம்பன்காரர் செய்ய வேண்டியது: இருப்பிடத்தைப் பார்க்க "எப்போதும் அனுமதி" கேட்க வேண்டும், ஆண்ட்ராய்டு 11 முதல் அதை அமைப்புகள் பக்கத்துக்குப் போய்த்தான் தர முடியும், ஆகவே படம் போட்டு வழிகாட்டுங்கள். அடுத்து, கோபுரச் சிக்னல் இருக்கும்போதே ஜிபிஎஸ்ஸைப் போட்டுவிடச் சொல்லுங்கள். செயற்கைக்கோள் விநாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் பேசும். எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும், இணையம் இருந்தால் நொடியில் வந்துவிடும். அப்புறம் 1 அல்ல, 2 போன். ஒன்று டிரைவரிடம், மற்றது வலைப் பக்கம். பேட்டரி வங்கி. தண்ணீர் புகாத உறை. சாவிக் கோப்பை மூன்று இடத்தில் வையுங்கள். எங்கள் காலத்தில் நோக்கியாவில் ஜாவா எழுதினோம், இத்தனை கெடுபிடி இல்லை...

பாம்பன்காற்று:
ஐயா, அனுபவத்தைத்தான் கேட்டேன். செயலி திரையில் இருக்கும்போதே முன்புலச் சேவையைத் தொடங்கினால் "எப்போதும் அனுமதி" தேவையே இல்லை, "பயன்படுத்தும்போது" என்பது போதும். உறை மட்டும் வாங்கிவிட்டேன்.

புதுப் பதிப்பைத் திரையை அணைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அதே பாலத்தில் நடந்து பார்த்தேன். கத்தியது. போன சனிக்கிழமை மச்சான் கொண்டுபோனார். ஞாயிறு காலை பதிவைத் திறந்து பார்த்தால், இரவு 1.40க்கும் 1.52க்கும் கத்தியிருக்கிறது. யாருக்கும் கேட்கவில்லையாம், என்ஜின் சத்தம். இடுப்பில் கட்டிக்கொண்டால் அதிர்வாவது தெரியாதா?

தொண்டி வலை:
தெரியாது. படகே அதிர்வுதான்.