கனடா ரேடியோ லைசென்ஸ் புதுப்பிப்பு: கனடியப் பாட்டு 7 சதவீதத்தைத் தொடவே மாட்டேன் என்கிறது

கோத்தகிரி_பனி:
வணக்கம். கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடி டொராண்டோ பக்கம் உள்ள ஒரு தமிழ் வானொலிக்கு வேலை பார்க்கிறேன். பாட்டுகளை வரிசைப்படுத்துவதும், ஓடிய பாட்டுகளின் பட்டியலை எக்செல்லில் சேர்ப்பதும் என் பொறுப்பு. அவர்களுடைய லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. அங்கே ஒலிபரப்பைக் கண்காணிக்கும் சி.ஆர்.டி.சி., மே மாதத்தில் ஒரு வாரத்தைக் குறிப்பிட்டு, அந்த வாரத்தின் ஒலிப்பதிவு, பாட்டுப் பட்டியல், நிலையமே போட்ட சதவீதக் கணக்கு மூன்றையும் கேட்டிருக்கிறது.

தமிழ் போன்ற பிறமொழி நிகழ்ச்சிகளில் ஓடும் பாட்டுகளில் குறைந்தது 7 சதவீதம் கனடியப் பாட்டாக இருக்க வேண்டும். என் எக்செல் 2.2 காட்டுகிறது. தினமும் அவர்கள் நேரப்படி இரவு 7 முதல் 8 வரை அங்குள்ள கலைஞர்களின் பாட்டு மட்டும்தான் போகிறது. அப்படியிருக்க 2.2 எப்படி வரும்? போன நவம்பரில் ஒரு வாரத்தை எடுத்துப் போட்டால் 5 வருகிறது. நிகழ்ச்சி அட்டவணையில் எந்த மாற்றமும் இல்லை.

எக்செல் ஃபார்முலா எனக்கு முன்னால் இருந்தவர் போட்டது. ஞாயிறு முதல் சனி வரை, காலை 6 முதல் நள்ளிரவு வரை ஓடியதை மட்டும் எண்ணும். விதியும் அதுதான், வாரத்துக்கு 126 மணி நேரம். பின்னே எங்கே இடிக்கிறது? மேனேஜர் அண்ணா தினமும் போன் போட்டுக் கேட்கிறார்.

மலைக்காற்று:
நம்ம சமுதாய வானொலிகளில் பாதி நிகழ்ச்சி உள்ளூர் மக்களோடு சேர்ந்து தயாரித்ததாக இருக்கணும் என்று விதி இருக்கிறதே, அதைப் போலத்தானே? பேச்சு நிகழ்ச்சி, பேட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுங்கள், தாண்டிவிடும்.

கொடை_டவர்:
இல்லைங்க, அது நம் நாட்டு விதி, அதுவும் சமுதாய வானொலிக்கு மட்டும். இவர் கேட்பது கனடாவில் விளம்பரம் போட்டு நடத்துகிற தனியார் நிலையம் பற்றி. அங்கே இந்தக் கணக்கில் பேச்சு வராது, பாட்டை மட்டும்தான் எண்ணுவார்கள்.

மலைக்காற்று:
சரி, அப்படியானால் நள்ளிரவுக்கு மேல் தானாக ஓடும் நேரத்தில் கனடியப் பாட்டாக நிரப்பிவிடலாமே? விளம்பரதாரர் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஸ்காபரோ_மாமா:
தம்பி, அது சரிவராது. ராத்திரி 12 மணியிலிருந்து காலை 6 மணி வரை போடுற பாட்டு கணக்கிலயே வராது. ஆட்கள் தூங்குற நேரத்தில கொண்டுபோய்க் கொட்டக்கூடாது எண்டுதான் அந்த நேரத்தை விட்டிருக்கினம் போல. அதோட, மே மாசம் முடிஞ்சுபோச்சு. கேட்ட வாரத்துக்கு என்ன ஓடினதோ அதுதான் கணக்கு. ஒலிப்பதிவும் கேட்டிருக்கினம், பட்டியலையும் பதிவையும் ஒத்துப் பார்ப்பினம்.

பனி, ஒரு கேள்வி. பட்டியலை எந்த மென்பொருளில இருந்து எடுக்கிறீங்கள்? ரொறன்ரோவில இருக்கிற ஆள் எடுத்தாலும் இதே நேரம்தான் காட்டுமோ?

கோத்தகிரி_பனி:
இணையத்தில் என் கணக்கில் நுழைந்து எடுக்கிறேன் மாமா. அங்கே யாரும் எடுப்பதில்லை, அதற்குத்தானே நான். உள்ளூர் நிகழ்ச்சியின் முதல் பாட்டு இப்படி இருக்கிறது: "13 மே, 04:34, நிகழ்ச்சி: நம்மவர் நேரம்".

கொடை_டவர்:
பிடிபட்டது! இரவு 7 மணிக்குத் தொடங்குகிற நிகழ்ச்சியில் 04:34 எப்படி வரும்? மென்பொருள் உங்கள் கணக்கில் உள்ள இந்திய நேரத்தைப் போட்டுக் கொடுக்கிறது. கோடையில் டொராண்டோ நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே 12-ம் தேதி இரவு 7:04, நமக்கு 13-ம் தேதி விடியற்காலை 4:34. உங்கள் எக்செல் காலை 6-க்கு முந்தியதைக் கழித்துக் கட்டுகிறது. ஆக, கனடியப் பாட்டு நிறைந்த அந்த ஒரு மணி நேரம் தினமும் குப்பைத் தொட்டிக்குப் போகிறது.

நவம்பரில் 5 வந்ததற்கும் இதுதான் காரணம். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பிவிடுவார்கள், வித்தியாசம் பத்தரை மணி நேரம் ஆகிவிடும். அதே நிகழ்ச்சி உங்கள் பட்டியலில் 5:30 முதல் 6:30 வரை விழும். பாதி தப்பித்தது, பாதி போனது.

இன்னொரு பக்கமும் இடிக்கிறது. நீங்கள் எண்ணிய காலை 6 முதல் நள்ளிரவு, அங்கே இரவு 8:30 முதல் மறுநாள் மதியம் 2:30. அதாவது எண்ணவே கூடாத பின்னிரவுச் சினிமாப் பாட்டையெல்லாம் எண்ணிவிட்டு, பிற்பகல் முழுவதையும் விட்டிருக்கிறீர்கள். வாரம் தொடங்கும் இடமும் நகர்ந்திருக்கும்.

கையால் ஒன்பதரையைக் கழிக்காதீர்கள், மார்ச்சிலும் நவம்பரிலும் மறுபடி மாட்டிக்கொள்வீர்கள். கணக்கின் அமைப்பில் நேர மண்டலத்தை டொராண்டோ என்று மாற்றிவிட்டு, பட்டியலைப் புதிதாக எடுங்கள்.

கோத்தகிரி_பனி:
மாற்றி எடுத்தேன் அண்ணா. நடுவில் கரண்ட் போய், இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்து, ஒருவழியாக இறங்கியது. இப்போது 7.8! கும்பிடுகிறேன். இதையே அனுப்பச் சொல்லட்டுமா?

ஸ்காபரோ_மாமா:
பொறுங்கோ. அவசரப்பட்டு அனுப்பாதேங்கோ. விதி எண்ணச் சொல்றது முழுசா ஒலிபரப்பின கனடியப் பாட்டை. அந்த நிகழ்ச்சியில கடைசிப் பாட்டை 8 மணிச் செய்திக்காக நடுவில வெட்டுறவையோ? வெட்டினால், அந்தப் பாட்டு மொத்தக் கணக்கில இருக்கும், கனடியக் கணக்கில வராது. ஒரு நிமிசத்துக்குக் குறைஞ்ச துண்டுகளைப் பாட்டு எண்டே எண்ணத் தேவையில்லை, அதுகளை இரண்டு பக்கத்தில இருந்தும் எடுத்துவிடுங்கோ.

அடுத்தது, கனடியன் எண்டு நீங்கள் குறி போட்டது சரியோ எண்டும் பாருங்கோ. நாலு அளவுகோல்: இசையமைத்தவர், பாடினவர், பதிவான இடம், பாட்டு எழுதினவர். பொதுவா இதில இரண்டாவது கனடாவாக இருக்கோணும். இஞ்சை பிறந்த பிள்ளை சென்னையில போய்ச் சினிமாவுக்குப் பாடினால் பாடினவர் மட்டும்தான் கனடியன். ஒண்டு போதாது. எங்கட சனம் இதிலதான் அடிக்கடி ஏமாறும், பேரைப் பார்த்தவுடன "எங்கட பிள்ளை" எண்டு குறி போட்டுவிடும்.

கொடை_டவர்:
மாமா சொல்வது முக்கியம். அதோடு, உங்கள் நிலையத்தின் லைசென்ஸ் ஆணையையும் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். 7 என்பது பொது விதி. சில நிலையங்களுக்கு அதைவிடக் கூடுதலாக நிபந்தனை போட்டிருப்பார்கள். ஆங்கிலத்தில் நடத்தும் நேரம் ஏதாவது இருந்தால் அதற்கு இந்த 7 பொருந்தாது, அங்கே வெகுஜனப் பாட்டுக்கு 35 சதவீதம்.

கோத்தகிரி_பனி:
ஆணையில் 7 என்றுதான் இருக்கிறதாம், மேனேஜர் அண்ணா படித்துச் சொன்னார். ஆங்கில நேரம் கிடையாது. செய்திக்காக வெட்டிய பாட்டுகளையும், சென்னையில் பதிவான இரண்டு சினிமாப் பாட்டுகளையும் கனடியக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். 7.1-ல் நிற்கிறது. நூலிழைதான், ஆனாலும் மேலே.

கொடை_டவர்:
7.1 என்றால் ஒலிப்பதிவைக் கேட்கும்போது அவர்கள் நாலைந்து பாட்டைத் தள்ளினாலும் கவிழ்ந்துவிடும். ஒவ்வொரு கனடியப் பாட்டுக்கும் எந்த இரண்டு அளவுகோல் என்று பக்கத்தில் ஒரு பத்தி போட்டு அனுப்பச் சொல்லுங்கள். 7-க்குக் கீழே போனாலும் உடனே லைசென்ஸ் பறிபோகாது. பெரும்பாலும் லைசென்ஸ் காலத்தைக் குறைத்துக் கொடுப்பார்கள். ஆனால் பழைய நவம்பர் கணக்கு ஏற்கெனவே எங்காவது போயிருந்தால், அதைத் திருத்த வேண்டியது நிலையத்தார். நீங்கள் தலையைக் கொடுக்காதீர்கள்.

கோத்தகிரி_பனி:
போகவில்லை, உள்ளே வைத்திருந்ததுதான். கடைசியாக ஒன்று. பட்டியலில் ஒரு படுகப் பாட்டு இருக்கிறது. எங்கள் பக்கத்து ஹட்டிக்காரர் (ஹட்டி என்றால் படுகர் ஊர்), அங்கே நிரந்தர வதிவிட உரிமை (பி.ஆர்.) வாங்கி இருக்கிறார், அவர் பாடியது. பாட்டும் மெட்டும் இங்கே எழுதியது, பதிவு டொராண்டோவில் உள்ள ஸ்காபரோவில். நான் குறி போடவில்லை. போடலாமா?

ஸ்காபரோ_மாமா:
தாராளமாப் போடலாம். நிரந்தர வதிவிட உரிமை இருந்தால் இந்தக் கணக்குக்கு அவர் கனடியன்தான். பாடினவர் ஒண்டு, முழுப் பதிவும் இஞ்சை நடந்திருந்தால் அது இரண்டு. பதிவு செய்த இடத்தில ஒரு கடிதம் வாங்கி வைக்கச் சொல்லுங்கோ. அப்பிடியே அந்தப் பாட்டின்ர பேரையும் சொல்லுங்கோ, நாங்களும் கேப்பம்.