அரசியலமைப்பு எழுதும் அவைக்கு மக்கள் ஓட்டு வேண்டுமா?

காரைக்குடி வக்கீல்:
ஒரு நாட்டின் புதிய அரசியலமைப்பை எழுதும் அவையை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறார் தேவகோட்டை ஆசிரியை. எனக்கு உடன்பாடில்லை. நம் அரசியல் நிர்ணய சபைக்கு 1946இல் ஆள் அனுப்பியவை மாகாணச் சட்டமன்றங்கள். அந்தச் சட்டமன்றங்களுக்கு ஓட்டுப் போட்டவர்களும் சொத்தோ வரியோ படிப்போ உள்ளவர்கள்தான். ஆனாலும் அந்தச் சபை எழுதியது இன்றுவரை நிற்கிறது. நேபாளத்தில் 2008இல் 601 பேர் கூடினார்கள். நான்கு வருடம் பேசிவிட்டு, அரசியலமைப்பைத் தராமலே 2012இல் கலைந்தார்கள்.

தேவகோட்டை ஆசிரியை:
அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார். நேபாளம் 2013இல் மறுபடி தேர்தல் வைத்தது, 2015இல் அரசியலமைப்பு வந்தது. நம் சபை ஓட்டில்லாதவர்களுக்கும் ஓட்டுரிமை எழுதிவைத்தது. அது அவர்களின் பெருந்தன்மை. எல்லா நாட்டிலும் அப்படி வாய்க்குமா? மியான்மரில் ராணுவம் ஆள் பொறுக்கி மாநாடு கூட்டியது. நாடாளுமன்றத்தில் கால்வாசி இடம் தனக்கே என்று 2008இல் எழுதிக்கொண்டது.

கானாடுகாத்தான் வாசகர்:
அதே பர்மாவில் 1947 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்ததே, ஆச்சி! நிலத்துக்கெல்லாம் அரசே இறுதி உரிமையாளர் என்று அந்தச் சபை எழுதியது. அடுத்த வருடமே நில தேசியமயச் சட்டம். கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, அங்கே போன எங்கள் பாட்டையா, 1942இல் ஜப்பான் படை வந்தபோதே ஊர் திரும்பிவிட்டார். அவருடைய பேரேடு இன்னும் பெட்டக அறையில் இருக்கிறது. குத்தகை நெல்லைக் கூடைக் கணக்கில் எழுதியிருப்பார். 1941க்குப் பிறகு வெறும் தாள். அவரை யார் கேட்டார்கள்?

தேவகோட்டை ஆசிரியை:
எங்கள் வீட்டிலும் அந்த இழப்பு உண்டு, தம்பி. ஆனால் 1930களில் நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாத குடியானவர்களின் நிலம்தான் கடன் கொடுத்த நம் செட்டிநாட்டு நகரத்தார் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால்வாசி! அந்தக் குடியானவன் ஓட்டுப் போட்டால் வேறென்ன கேட்பான்?

காரைக்குடி வக்கீல்:
நிலத்தை விடுங்கள், பர்மாவின் சிறுபான்மை இனமான கரேன் மக்களைப் பாருங்கள். அவர்களுடைய அமைப்பான கரேன் தேசிய யூனியன் அந்த 1947 தேர்தலைப் புறக்கணித்தது. 1949இல் அரசோடு சண்டை மூண்டது. ஓட்டுப்பெட்டி வைத்தும் ஓர் இனத்தின் முக்கிய அமைப்பே வெளியே நின்றது. அதைத்தான் சொல்கிறேன்.

தேவகோட்டை ஆசிரியை:
அதற்கு மருந்து தேர்தலை விடுவதல்ல. சிலியில் 2021இல் 155 பேரைத் தேர்ந்தெடுத்தபோது பூர்வகுடிகளுக்கு 17 இடம் ஒதுக்கினார்கள்.

காரைக்குடி வக்கீல்:
அந்த வரைவை 2022 வாக்கெடுப்பில் மக்களே தள்ளிவிட்டார்கள்.

தேவகோட்டை ஆசிரியை:
ஆமாம், தள்ளினார்கள். 1949இல் நம் அரசியலமைப்பை ஏற்றபோது நம்மிடம் யாரும் கேட்கவே இல்லையே, அண்ணன்.