ஐயாவின் ரேசர் திறக்க மாட்டேன் என்கிறது

கேள்வி (காரைக்குடி):
எங்கள் ஐயா பர்மாவிலிருந்து கொண்டுவந்த ரேசர். அடியைத் திருகினால் மேலே இரண்டு கதவும் விரியும். போன வாரம் பாதியிலேயே இறுகிவிட்டது, பிளேடு உள்ளே. எங்கள் போர் தண்ணீர் உப்பு. குறடு வைக்கப் பயமாக இருக்கிறது. தினசரிக்கு உழைக்கிற மாதிரி வேறொன்றும் வேண்டும்.

பதில் (தேவகோட்டை):
குறடு வேண்டாம் அண்ணே, முலாம் போய்விடும். சோப்பு கலந்த வெந்நீரில் அரை மணி ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். அப்புறம் திருகில் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். வினிகரில் ரொம்ப நேரம் போடாதீர்கள்.

பதில் (பள்ளத்தூர்):
புதிதென்றால் மூன்று துண்டாகக் கழல்வது நல்லது. துத்தநாகக் கலவையில் மரை ஒடியும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள்.

கேட்டவர்:
இரண்டாம் முறை ஊறியதும் திறந்துவிட்டது! உள்ளே வெள்ளையாகச் சுண்ணாம்புப் படிவு. ஐயா கைபட்டது, பெட்டியில் பூட்ட மனமில்லை. ஞாயிறு மட்டும் இதில்தான்.