பைகேம் விளையாட்டை இன்ஸ்டால் செய்தால் படமும் ஒலியும் வரவில்லை, உதவுங்கள்

பைத்தானில், பைகேம் என்ற விளையாட்டு லைப்ரரியை வைத்து ஒரு சின்ன விளையாட்டு செய்திருக்கிறேன். முட்டம் பாறைகளில் மோதாமல் வள்ளத்தைக் கரை சேர்க்க வேண்டும். அலைச் சத்தம் குளச்சலில் நானே பதிவு செய்தது. தக்கலையில் ஒரு பள்ளிக் கணினிகளில் அடுத்த வாரம் போட்டுக் கொடுக்க வேண்டும், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

விண்டோஸ் 10, பைத்தான் 3.11, பைகேம் 2.5, கோடை எக்ஸியாக மாற்றித் தரும் பைஇன்ஸ்டாலர் 6. அதில் ஆட்-டேட்டா என்ற ஆப்ஷன் கொடுத்து, படமும் ஒலியும் உள்ள அசெட்ஸ் ஃபோல்டரைச் சேர்த்தேன். மூலக் கோடிலிருந்து ஓட்டினால் எல்லாம் சரி. எக்ஸியைத் திறந்தால் கறுப்புத் திரை வந்து உடனே மூடிக்கொள்கிறது. கன்சோலோடு ஓட்டிப் பார்த்தேன்: முதல் ஒலிக் கோப்பே நடப்பு ஃபோல்டரில் இல்லை என்கிறது. தேடினால், அசெட்ஸ் முழுக்க எக்ஸி பக்கத்தில் இல்லாமல் '_இன்டர்னல்' என்ற ஃபோல்டருக்குள் பத்திரமாக இருக்கிறது!

அதை எக்ஸி பக்கத்தில் கையால் காப்பி செய்தால் ஓடுகிறது. ஆனால் இன்ஸ்டால் கோப்பு உருவாக்கும் இன்னோ செட்டப்பில் எல்லாமே இரண்டு தடவை ஏறுகிறது, அது எனக்குச் சரியாகப் படவில்லை. எல்லாவற்றையும் ஒரே எக்ஸிக்குள் அடைக்கும் ஒன்ஃபைல் முறையும் பார்த்தாச்சு. ஒவ்வொரு முறையும் தற்காலிக ஃபோல்டரில் பிரித்துப் போட்டுத்தான் திறக்கும் என்பதால் பள்ளியின் பழைய கணினிகளில் ரொம்ப இழுக்கிறது. அப்புறம், பேக் செய்த கோப்புகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் சிஸ் மெய்பாஸ் வைத்துப் பாதையை மாற்றினேன். பேக் செய்தது ஓடுகிறது, மூலக் கோடு ஓட்டும்போது அப்படி ஒன்று இல்லை என்று பிழை.

மூலக் கோடிலும் இன்ஸ்டால் செய்த பிறகும் ஒரே மாதிரி வேலை செய்யும்படி அசெட்ஸ் பாதையை எப்படி எழுதுவது?